ஒரு மரியாதை விகுதி

1962 பெப்ரவரி மூன்றாம் திகதி, சனிக்கிழமை, காலை எட்டரை மணி. பனி வயல்களை விட்டு எழவில்லை. நான் சம்பலுக்குத் தேங்காய் திருவிக்கொண்டிருந்தேன். தனியாளுக்குப் பாதித் தேங்காய் போதும். அப்பொழுது இராசமலர் படலையைத் திறந்துகொண்டு வந்தாள்.

அவள் கனகலிங்கத்தின் மனைவி. அந்தக் காலைக்குப் பின் வந்த மாரியில் குளத்துத் துருசுக்குள், நீர் வெளியேறும் மதகுக்குள், அகப்பட்டு இறந்தானே, அதே கனகலிங்கம். மூச்சுப் பிடிக்க இயலாதவன் மறுக்காமல் ஏன் இறங்கினான், மறிப்பதற்கு வீட்டில் ஏன் ஒருவரும் இல்லை என்று கேட்கிறீர்கள். முறையான கேள்வி. முறையாகவே பதில் சொல்கிறேன்.

ஐம்பத்தேழாம் ஆண்டு வெள்ளத்தில் எங்கள் குடியேற்றத்துச் சிறுகுளத்தின் துருசை மரக்கிளைகள் அடைத்துக்கொண்டன. கனகலிங்கம் மூழ்கி அவற்றை இழுத்தெடுத்தான். நீர் வெளியேறியது, குளக்கட்டு தப்பியது. அதன்பின் நான் அவனைச் சித்திரக்கதை ஆக்கினேன். யாழ்ப்பாணத்து வார இதழொன்றில் வாரம் ஒரு பக்கம். படம் வேறொருவர், சொல் என்னுடையது. முகமூடி அணிந்து, விரித்த கைகளால் வெள்ளத்தைத் தடுக்கும் வீரன், பெயர் நீர்மாறன். முகமூடிக்குள் இருப்பவன் யார் என்பது இங்கே என் பள்ளிக்கூடத்துப் பாலர் வகுப்புக்கும் தெரியும்.

“மாஸ்டர், உந்தக் கதையை நிப்பாட்டுங்கோ,” என்றாள் இராசமலர்.

“ஏன் பிள்ளை?”

“துருசு அடைபட்டால் வேறை ஒருதரும் இறங்கிறேல்லை. ‘நீர்மாறன் எங்கை?’ எண்டு வாசல்லை வந்து நிக்கினம். போன மாரி கரையேறி இரத்தம் துப்பினவர், மாஸ்டர். ஏலாதெண்டு சொல்ல வெக்கப்படுறார். நீங்கள் போட்ட முகமூடி, நீங்கள்தான் கழட்டவேணும்.”

அவள் சொன்னது சரி என்பதை உடனே உணர்ந்தேன். ஆனால் மூச்சு வாங்கும் நீர்மாறனை என்னால் எழுத முடியாது. இல்லறத்தில் இருக்கும் வீரனை வாசகர் விரும்புவதில்லை என்று இதழாசிரியரும் சொல்லிவந்தார். வீரன், மனைவி இருவரில் ஒருவர் விலக வேண்டியிருந்தது.

“ஓவசியரிட்டைக் கேளுங்கோ பிள்ளை,” என்றேன். குளத்து வேலைகளை மேற்பார்க்கும் அரசாங்க உத்தியோகத்தர் அவர். “சம்பளத்துக்கு ஆள் போடுவிப்பார். பொழுதுபடத் துருசடிக்கு வாறவர். கனகலிங்கத்துக்குச் சொல்லாதேங்கோ, மனம் நோகும்.”

நல்ல ஆலோசனை. அதில் இன்றும் நான் குறை காணவில்லை.

சில மாலைகள் போனாள். ஓவசியர் ஆள் தருவதாக ஒப்புக்கொண்ட அன்று அவள் சிரித்ததைக் குளக்கட்டில் உலாவிய நானே கண்டேன்.

அடுத்த பக்கத்தில் உழவர் இருவர் பேசிக்கொள்ளும் கட்டம் ஒன்று வைத்தேன். படத்தில் பெண் இல்லை. பேச்சு மட்டும்: “பொழுதுபடத் துருசடியிலை ஓவசியரோடை சிரிச்சுக் கதைச்சுக்கொண்டு நிண்டவா.” எழுவாய் தோன்றாமல் நிற்கலாம் என்பது தமிழ் தந்த சலுகை, நான் தந்ததன்று. நீர்மாறனின் மனைவியை அதுவரை ‘அவள்’ என்றே எழுதிவந்தேன். ‘நிண்டவள்’ என்றிருந்தால் கதைமாந்தரோடு போயிருக்கும். இங்கே பெண்களை இன்ன பிள்ளையின் தாய் என்று சொல்வார்கள். பிள்ளையில்லாத இராசமலரை, வீரனின் மனைவி என்ற மதிப்பால், ‘அவா’ என்று மட்டும் சொல்வார்கள். ‘நிண்டவா’ என்பதில் நான் சேர்த்தது ஒரு மரியாதை விகுதி. மரியாதை எந்தச் சட்டத்திலும் குற்றமன்று.

கடைசிக் கட்டத்தில் நீர்மாறன் வீட்டுப் படலையைச் சாத்திவிட்டுத் தனியே நடந்தான்.

தேநீர்க்கடையில் மயில்வாகனம் அதை உரக்க வாசித்தான்.

“எட, நீர்மாறனுக்கே தண்ணி காட்டிப்போட்டா!”

“பொத்தடா வாயை, அந்தாள் வருகுது.”

“வரட்டுமன். முகமூடியோடை வாறாரோ, இல்லாமலோ?”

இராசமலர் மறுத்துப் பேசியிருக்கலாம். ஆனால் நிற்கவில்லை என்றால் பொய், நின்றாள். ஏன் நின்றாள் என்று விளக்கினால் கணவன் இரத்தம் துப்பியதை ஊரறியச் சொல்ல வேண்டும். அதை அவள் சொல்லவில்லை. கிணற்றடியில் பெண்கள் அவளுக்குத் தாராளமாக இடம்விட்டு விலகினார்கள். பிறகு அவள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. ஓவசியர் மாற்றம் கேட்டுப் போய்விட்டார். தருவதாகச் சொன்ன ஆளும் வரவில்லை.

கனகலிங்கம் இதழைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு வந்தான்.

“மாஸ்டர், இது கதைதானே?”

“ஓம் தம்பி, கதைதான்.”

எங்கள் நாவில் கதை என்பது கற்பனையையும் குறிக்கும், ஊர்ப்பேச்சையும் குறிக்கும். அவன் எந்தப் பொருளில் கேட்டான் என்பதும், எந்தப் பொருளில் என் பதிலை எடுத்துக்கொண்டான் என்பதும் எனக்குத் தெரிந்தன. திருத்தவில்லை.

“அங்கை போனவாவோ?”

“போனவா.”

“ஏனெண்டு தெரியுமோ?”

“அது எனக்கென்னண்டு தெரியும்?”

நான் சொன்ன பொய் இது ஒன்றே.

திருமணப் பதிவை நாங்கள் எழுத்து என்போம். “எழுத்தைத் தள்ளவேணும், மாஸ்டர். எழுதித் தாங்கோ,” என்றான். எழுதிக் கொடுத்தேன்: அவள் வடமராட்சியில் தமையன் வீட்டுக்குப் போய்விட வேண்டும், மணத்தை நீக்கும்படி அவன் நீதிமன்றத்தைக் கேட்பான். வாசித்துக் காட்டினேன். கையொப்பம் வைக்கப்பட்டது.

அவள் முகத்தைப் பார்க்க அவனால் முடியாது என்பதால் தாளை நானே கொண்டுபோனேன். இராசமலர் குசினி வாசலில் நின்று வாங்கினாள். முழுவதும் வாசித்தாள்.

“என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்,” என்றாள். பிறகு, “வாற மாரிக்கு ஆர் மாஸ்டர் அவரை மறிக்கிறது?”

அவள் கையொப்பத்தின் மேல் விரல் வைத்தாள்.

“இவ்வளவு நேராய் அவர் ஒருநாளும் எழுதினதில்லை.”

உண்மைதான். பெயரின் முதலெழுத்தோடு அவன் பேனாவைக் கீழே வைத்துவிட்டான். வேண்டாம் என்றுகூட ஏதோ முணுமுணுத்தான். மற்ற எழுத்துகளை அவன் கையைப் பிடித்து நான்தான் எழுதுவித்தேன். ஏடு தொடக்கும்போது குழந்தையின் கையை அப்படித்தான் பிடிக்கிறோம். அதை வற்புறுத்தல் என்று எவரும் சொல்வதில்லை.