நாற்பத்தேழாம் எண் வேலைக்குத் திரும்பியது

அறிக்கை ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எந்த முதலாளியும் படிக்க மாட்டார் என்பது உங்களுக்கும் தெரிந்ததுதான், ஐயா. இந்த விசாரணையை நீங்களும் மேலிடத்துக்கு ஒரே பக்கமாகச் சுருக்கித்தான் கொடுக்கப்போகிறீர்கள். தொழில்முறையில் நாம் இருவரும் பங்காளிகள்.

எங்கள் கிடங்கில் மூன்று பட்டியல்கள் உண்டு. யார் வந்தார், யார் வரவில்லை என்பது வாசல் எழுத்தரிடம் இருக்கும். யாருக்கு அடிபட்டது என்பதை முதலுதவி அறையில் நர்ஸம்மா எழுதுவார். எது கெட்டுப்போனது என்பதை மெக்கானிக் எழுதுவார். மூன்றையும் கணினியில் இணைத்து, மாதக் கடைசியில் ஒரே தாளாக முதலாளி மேசையில் வைப்பது என் வேலை. ஆட்களின் பெயரை நம்பி இணைக்க முடியாது. ஒருவர் இனிஷியலை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், நர்ஸம்மா அவசரத்தில் பாதிப் பெயரோடு நிறுத்திவிடுவார். ஆகவே அவரவர் சட்டையில் குத்தியிருக்கும் டோக்கன் எண்ணை வைத்து இணைப்பேன். எண்ணுக்கு இனிஷியல் கிடையாது.

நான் வியாபாரிகள் வீட்டில் வளர்ந்தவன். அழுகின தக்காளியைக் கூடையின் அடியில் வைப்பது ஏமாற்று இல்லை, அடுக்கும் முறை என்பார் அப்பா. வாங்குகிறவர் கையை விட்டுப் பார்க்கவில்லை என்றால் அது அவருடைய சோம்பல்.

எங்கள் சரக்கு லிஃப்டுக்கு ஒரு கெட்ட பழக்கம். அது கீழே நிற்கும்போதே மூன்றாம் மாடியில் கதவு திறந்துகொள்ளும். முகத்தை மறைக்கும் உயரத்துக்குப் பெட்டி சுமந்து வருகிறவர், கதவு திறந்திருக்கிறதே என்று காலை வைப்பார். அப்படி முதலில் காலை வைத்தவர் டோக்கன் நாற்பத்தேழு. அதிகம் பேசாத மனிதர். 'விழுந்தார், ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்' என்று நர்ஸம்மா எழுதினார். அதற்குமேல் அவருடைய பட்டியலில் கட்டம் இல்லை. அன்று மாலையே ஆஸ்பத்திரியில் அவர் இறந்துபோனார். மேனேஜர் வீட்டுக்குப் போய் மலர்வளையம் வைத்துவிட்டு வந்தார். மலர்வளையத்துக்குப் பட்டியல் கிடையாது. வாசல் எழுத்தர் சிக்கனமானவர். டோக்கனை ஈரத்துணியால் துடைத்து நான்காம் நாள் புதிதாகச் சேர்ந்தவருக்குக் கொடுத்துவிட்டார்.

மாதக் கடைசியில் மூன்றையும் இணைத்தேன். நாற்பத்தேழு விழுந்தார், மூன்று நாள் வரவில்லை, நான்காம் நாள் வேலைக்குத் திரும்பினார் என்று திரையில் வந்தது.

அது என் பிழை இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். திருத்திவிடத்தான் நினைத்தேன். ஆனால் ஒன்பது கிடங்கு வைத்திருக்கும் முதலாளி அன்றைக்குப் பார்த்து என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"மூணாவது மாடியிலேர்ந்து விழுந்தவன் நாலாம் நாளே வந்துட்டானா?"

"பட்டியல் அப்படித்தான் சொல்லுது, சார்."

"நம்ம ஆளுங்க உடம்பே தனிதான்யா. அப்ப லிஃப்ட நிறுத்தி வேலையைக் கெடுக்க வேணாம்."

அவர் கூடைக்குள் கையை விடவில்லை. நான் ஏன் பிடித்து இழுத்து விட வேண்டும்?

மறுநாள் மெக்கானிக் வந்தான்.

"அண்ணே, லிஃப்ட நிறுத்தணும்னு ஆறு தடவை எழுதிட்டேன். அந்த மனுஷன் செத்தத உங்க தாள்ல ஒரு வரி போடுங்க. நாளைக்கே நின்னுடும்."

"போடலாம் தம்பி. எந்தக் கட்டத்துல போடறது? செத்தவங்களுக்குன்னு கட்டமே இல்லையே."

"கட்டம் போட எவ்வளவு நேரமாகும்?"

"அரை நிமிஷம். அப்புறம் மாசாமாசம் அதை நிரப்பணுமே."

"உங்களோட பேசறதுக்கு அந்த லிஃப்ட் கதவோட பேசலாம்ணே. அது தொறக்கவாவது தொறக்குது."

நல்ல நகைச்சுவை. நானும் சிரித்தேன். அந்த ஆண்டு ஒன்பது கிடங்குகளில் பாதுகாப்பில் முதலிடம் எங்களுக்கு. எனக்கு ஜன்னல் வைத்த தனி அறை கிடைத்தது.

இரண்டு மாதம் கழித்து இரண்டாவது நாற்பத்தேழும் அதே கதவில் காலை வைத்தார், அவரும் பிழைக்கவில்லை. இந்தத் தடவை வாசல் எழுத்தர் டோக்கனை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார். "இது ராசியில்லாத நம்பர் சார். எவனும் வாங்க மாட்டேங்கிறான்." மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. 'திரும்பவில்லை' என்று ஒரே ஒரு வரி வந்தால் போதும், முதலாளி விசாரிப்பார். விசாரித்தால் பழைய தாளும் கிளறப்படும், என் ஜன்னலும் போகும். எனக்கு அவசரமாக ஓர் ஆள் வேண்டியிருந்தது.

தம்பிக்கு ஒரு வேலை பாருங்கள் என்று என் மனைவி ஒரு வருடமாக நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

"பெட்டி தூக்கணும், மாப்ளே. முடியுமா?"

"எங்க அக்கா பேச்சையே தாங்கினவன் மாமா நான். பெட்டி என்ன பெரிசு!"

அவள் அவன் முதுகில் ஒன்று வைத்தாள். வீட்டில் அன்றைக்கு எல்லாருக்கும் சந்தோஷம். இழுப்பறைச் சாவியை வாங்கி, டோக்கனை நானே அவன் சட்டையில் குத்திவிட்டேன். அந்தக் கதவைப் பற்றிச் சொல்லியிருக்கலாமே என்கிறீர்கள். சொன்னால் பயந்து போயிருப்பான், என் வரி காலியாகியிருக்கும். அவனாகக் கேட்டிருந்தால் நிச்சயம் சொல்லியிருப்பேன்.

அந்த மாத அறிக்கை சுத்தமாக வந்தது. போன செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு அவனும் விழுந்தான்.

"அந்தக் கதவப் பத்தி உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?" என்று மனைவி கேட்டாள். பழுதுப் பட்டியல் மெக்கானிக்குடையது என்று சொன்னேன். உண்மையைத்தான் சொன்னேன்.

தெரிந்தே மூன்று பேரைச் சாகவிட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். மறுக்கவில்லை. மூன்றாவது ஆளை நானே கூட்டிவந்து நிறுத்தினேன் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் 'மூன்று பேர்' என்ற கணக்குத்தான் எனக்கு உறுத்துகிறது. என் தாளைப் பாருங்கள். அதில் ஒரே ஆள்தான். நாற்பத்தேழு. இரண்டு முறை விழுந்து இரண்டு முறையும் வேலைக்குத் திரும்பியவர். மூன்றாம் முறையும் திரும்பிவிடுவார். மாதம் முடிய இன்னும் நான்கு நாள் இருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த இடத்தில் வேலை தேடுகிற ஆள் யாராவது இருக்கிறாரா, ஐயா?