பதினோராவது நிமிடம்

கேசட்டைப் படுக்க வைக்கக் கூடாது. புத்தகம் போல நிற்க வைக்க வேண்டும். படுத்தே கிடந்தால் நாடா ஒரு பக்கமாக இறங்கி ஓரம் மடிந்துவிடும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. என் பீரோவில் இருந்த நாற்பத்தொரு கேசட்டுகளையும் உங்கள் ஏட்டு ஒரு சாக்குப் பையில் கொட்டியதைப் பார்த்தேன்.

மற்றதை நீங்கள் கேட்ட வரிசையிலேயே சொல்கிறேன், இன்ஸ்பெக்டர் அம்மா.

என் பெயர் ஞானராஜ். வயது எழுபத்தொன்று. மேட்டுப்பட்டியில் சொந்த வீடு. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார். மகள் நான்சி என்னோடு இருக்கிறாள், அவளும் ஆசிரியைதான். மனைவி டெய்சி இறந்தபோது நான்சிக்கு ஐந்து வயது. டெய்சிக்கு மூச்சிழுப்பு உண்டு, ஆஸ்துமா. ஒரு நாள் மாலை நாலே முக்கால் வாக்கில் அது அதிகமாகி, நான் மருந்துக் கடைக்கு ஓடித் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. ஊருக்குத் தெரிந்தது இதுதான். இன்றைக்கும் நான் கடைக்குக் கிளம்பினால் நான்சி வாசல் வரை வந்து, "அப்பா, அன்னைக்கு ஓடுன மாதிரி ஓடாதீங்க, மெதுவா போய்ட்டு வாங்க" என்பாள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பதினேழு பேர். பழைய கர்நாடக சங்கீதப் பதிவுகளைப் பகிர்ந்துகொள்வோம். வாரம் ஒரு பதிவு. கேட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் அபிப்பிராயம் சொல்லியாக வேண்டும். "அருமை" என்று ஒற்றை வார்த்தை போட்டால் ஆத்தூர் நாச்சிமுத்து விடமாட்டார். தென்னந்தோப்புக்காரர், வாயும் கொஞ்சம் நீளம். "அருமைன்னா என்ன அருமை? பந்தியில எழுந்து போறவன் சொல்ற மாதிரி சொல்லாதப்பு" என்பார்.

இன்னொரு விதியும் உண்டு. பதிவின் முகப்பை வெட்டக் கூடாது. அந்தக் காலத்தில் நாங்கள் ரேடியோவிலிருந்து பதிவு செய்யும்போது முதலில் தேதி, நேரம், ஊர் மூன்றையும் சொந்தக் குரலில் சொல்லிவிட்டுத்தான் கச்சேரியைத் தொடங்குவோம். அந்தக் குரல் இல்லாத பதிவைக் குழு ஏற்றுக்கொள்ளாது.

கடந்த ஆகஸ்டில் நான் ஒரு வீணைப் பதிவைப் போட்டேன். சஹானா, இருபத்தாறு நிமிடம். வாசித்த அம்மையார் அதிகம் பதிவு செய்யப்படாதவர். வானொலி நிலையத்திலேயே அது இல்லை என்று விசாரித்தவர்கள் சொன்னார்கள். முகப்பில் என் குரல் இருக்கிறது. "இருபத்தொன்று, பதினொன்று, தொண்ணூற்றொன்று. வியாழன். மாலை நாலு முப்பது. திண்டுக்கல்."

நாச்சிமுத்து அன்றே பேசி அனுப்பினார். "வாத்தியாரே, அந்த ரிஷபத்துல அந்தம்மா நிக்கிறாகளே, கிணத்துல வாளி தண்ணியத் தொடுறதுக்கு முந்தி செத்த நேரம் நிக்குமே, அது மாதிரி. இம்புட்டு நாளா இத வச்சுக்கிட்டா எங்கள உக்காத்தி வச்சிருந்தீக?"

முப்பத்து நான்கு வருடம் நான் காத்திருந்தது அந்த வார்த்தைக்குத்தான்.

ஜீவிதாவின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவள் காது கேட்கும் கருவி பொருத்தும் ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். முப்பத்தொரு வயது. குழுவிலேயே சின்னவள், குழுவிலேயே நல்ல காது. "சார், பதிவுல இரைச்சல் நிறைய இருக்கு. நான் கம்ப்யூட்டர்ல சுத்தம் பண்ணித் தரட்டுமா?" என்றாள். குழு முழுவதும் கைதட்டும் படங்களாகப் போட்டது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை.

அப்போது என்னிடம் இருந்த டேப்பில், ரேடியோவுக்கு முன்னால் மைக்கை வைத்துத்தான் பதிவு செய்ய முடியும். வீட்டுச் சத்தம் எல்லாம் உள்ளே போகும். என் பதிவில் மின்விசிறி இருந்தது. பக்கத்துப் பூட்டுப் பட்டறையின் அரம் இருந்தது. முதல் வாரம் ஜீவிதா விசிறியை எடுத்தாள். இரண்டாம் வாரம் அரத்தை எடுத்தாள். ஒவ்வொரு முறையும் குழுவில் போட்டாள், எல்லோரும் மகிழ்ந்தார்கள். நானும் அபிப்பிராயம் எழுதினேன். எழுதிவிட்டுப் பழைய பதிவையே மறுபடி போட்டு, அரம் எங்கெங்கே ஓடுகிறது என்று கேட்டேன். அந்த அரச் சத்தத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

மூன்றாம் வாரம் எனக்கு மட்டும் பேசி அனுப்பினாள். "சார், பதினோராவது நிமிஷத்துல யாரோ பேசுறாங்க. பொம்பளக் குரல்."

தெருவில் பூக்காரி போயிருப்பாள் என்று எழுதினேன்.

"பூக்காரி தெருவுல நடந்துக்கிட்டே போவா சார். இது ஒரே எடத்துல இருந்து மூணு தடவ கேக்குது."

அதன்பின் கேட்டின் கொண்டி விழுந்தால் அவள்தான் வந்துவிட்டாள் என்று எழுந்து நிற்பேன். நான்சியின் போன் அடித்தால் சமையலறை வாசலில் போய் நின்று, யார் என்று முகத்தைப் பார்ப்பேன். "என்னப்பா, ஒரு மாதிரி இருக்கீங்க?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். வேர்த்திருந்தது. ரத்த அழுத்த மாத்திரையைக் கூட்டித் தரச் சொல்லி டாக்டரிடம் கூட்டிப் போனாள்.

உங்களுக்கு இது விளங்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். ஒவ்வொரு நவம்பர் இருபத்தொன்றாம் தேதியும் நான்சி தன் அம்மாவின் ஆன்மாவுக்காகக் கோயிலில் பூசை கொடுப்பாள். அந்தத் தேதி ஜீவிதாவுக்குத் தெரியாது. நான்சி அந்த முகப்பை ஒரே ஒரு முறை கேட்டால் போதும்.

அக்டோபரில் நானே கிளினிக்குக்குப் போனேன். சுத்தம் செய்தது போதும், பழைய பதிவு பழையதாகவே இருக்கட்டும் என்று சொல்லப் போனேன். ஜீவிதா எனக்கு டீ வாங்கிக் கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சார், அது டெய்சி அம்மாதானே?"

நான் டீ டம்ளரை மேசை ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்தேன்.

"நான்சி அக்காவ ஒரு கல்யாண வீட்டுல பாத்தேன். அம்மா முகம் போட்டோவுல இருக்கு, குரல்தான் ஞாபகமே இல்லன்னு சொன்னாங்க. இப்ப வீணைய ஒரு ஃபைலாவும் குரல இன்னொரு ஃபைலாவும் பிரிச்சுடலாம் சார். கிறிஸ்துமஸுக்கு நாம ரெண்டு பேரும் சேந்து குடுப்போம். அதுவரைக்கும் அக்காகிட்ட மூச்சு விட்றாதீங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நல்ல பெண். அதை நான் ஒருபோதும் மறுக்கவில்லை.

நவம்பர் ஒன்பதாம் தேதி, ஞாயிறு. நான்சி பாடகர் குழுப் பயிற்சிக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். நாலு மணிக்கு ஜீவிதா லேப்டாப்போடு வந்தாள். வேலை முடிந்துவிட்டது, நான் முதலில் கேட்க வேண்டும் என்றாள். கேட்கலாம், அதற்கு முன்னால் அதே அம்மையாரின் இன்னொரு கேசட் பரண் மேல் இருக்கிறது, எனக்கு ஏற முடியவில்லை என்றேன். குழந்தை மாதிரி குதித்தாள். "இத மொதல்லயே சொல்லக் கூடாதா சார்?"

இரும்பு ஏணியை அன்று காலைதான் பக்கத்து வீட்டு ரொனால்டுக்கு வெள்ளையடிக்கக் கொடுத்திருந்தேன். இருந்தது மர ஏணி. அதன் மேல் படிகளைக் கரையான் அரித்திருந்தது. அவள் ஏறுவதற்கு முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

கீழே ஆட்டுக்கல் இருந்தது. அது எப்போதும் அங்கேதான் இருக்கும்.

விழுந்த பிறகும் அவளுக்கு நினைவு இருந்தது. "சார்" என்றாள். நான் முன்னறைக்கு வந்து லேப்டாப்பைத் திறந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அவள் சொன்னபடியே இரண்டு ஃபைல்கள் இருந்தன. குரலை முதலில் கேட்டேன். பிறகு அதை அழித்தேன். பிறகு வீணையைக் கேட்டேன். குழு விதிப்படி முகப்பில் என் குரலை மட்டும் விட்டு வைத்திருந்தாள். விசிறி இல்லை, அரம் இல்லை, ஒன்றும் இல்லை. அந்தக் காந்தாரத்தின் அசைவை நான் அதுவரை கேட்டதே கிடையாது என்று தெரிந்தது. நடுவில் ஒரு முறை ஹெட்போனைக் கழற்றிப் பார்த்தேன். அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். திரும்ப மாட்டிக்கொண்டேன்.

ஒயர் போட்டு அந்த ஃபைலை என் போனுக்கு மாற்றினேன். அவளே கற்றுக்கொடுத்ததுதான். குழுவில் போட்டு, ஐந்தாறு வரி அபிப்பிராயமும் எழுதினேன். அதன்பின் மார்க்கெட்டுக்குப் போய்க் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கிக்கொண்டு, ஆறு மணிக்குத் திரும்பி வந்து ரொனால்டைக் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி போகும் வழியில் முடிந்துவிட்டது என்றார்கள். நாலு மணிக்கே மார்க்கெட்டுக்குப் போய்விட்டேன், அவள் வந்ததே தெரியாது என்று உங்களிடம் எழுதிக் கொடுத்தேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் நாச்சிமுத்து வந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. நான்சி பக்கத்தில் நிற்கும்போதே போனை எடுத்து நீட்டினார்.

"வாத்தியாரே, நாலு மணிக்கு மார்க்கெட்டுல இருந்தேன்றீக. அந்தப் புள்ள சுத்தம் பண்ணுன வீண நாலு அம்பத்திரண்டுக்கு உங்க போன்ல இருந்து வந்திருக்கு. அவ லேப்டாப்ப விட்டா அது வேற எங்கிட்டு இருந்துச்சு?"

நான் போனை வாங்கிப் பார்க்கக் கை நீட்டியபோது அவர் விரல் பட்டு ஃபைல் ஓடத் தொடங்கியது. முகப்பு. இருபத்தொன்று, பதினொன்று, தொண்ணூற்றொன்று. மாலை நாலு முப்பது.

நான்சி அதைக் கேட்டாள். என்னைப் பார்த்து ஒரு வார்த்தைதான் கேட்டாள்.

"அப்பா, நீங்க கடைக்குப் போகலையா?"

போகவில்லை. போக வேண்டிய தேவையும் இல்லை. டெய்சி இழுப்புக்கு வாயில் அடித்துக்கொள்ளும் மருந்துப் பம்பு என் மேசை மேல்தான் இருந்தது, ரேடியோவுக்குப் பக்கத்தில். எழுந்து போய்க் கொடுத்திருந்தால் நாற்காலி கிரீச்சிட்டிருக்கும். ஆலாபனை நடந்துகொண்டிருந்தது. பதிவு ஓடும்போது பேசக் கூடாது என்று அவளுக்கும் தெரியும். அப்படியும் மூன்று முறை கூப்பிட்டாள். பரணில் கேசட் எதுவும் இல்லை என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் இரண்டு நாளிலும் நான் யார் மேலும் கை வைக்கவில்லை.

முகப்பை ஏன் வெட்டவில்லை, மூலக் கேசட்டை ஏன் எரிக்கவில்லை என்று நேற்று முழுவதும் கேட்டீர்கள். சேகரிப்பவர்கள் அதைச் செய்ய மாட்டார்கள், அம்மா. அது உங்கள் சாக்குப் பையில்தான் இருக்கிறது, சிவப்பு உறை போட்டது. அதை நான்சி கேட்க வேண்டாம் என்றுதான் நான் சொல்வேன். கேட்டே தீருவேன் என்று அவள் பிடிவாதம் பிடித்தால் மட்டமான பிளேயரில் போடாதீர்கள், நாடாவைத் தின்றுவிடும். பதினோராவது நிமிடம். பயப்படும்படியாக அதில் ஒன்றும் இல்லை என்று அவளிடம் சொல்லுங்கள். முதல் இரண்டு முறை அம்மாவின் குரல் சுருதியிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருந்தது. மூன்றாவது முறை சரியாகப் பஞ்சமத்தில் வந்து நின்றது.