பதினேழில் ஒன்று

— அந்தப் பொட்டியத் திறக்காத பெர்னி. நீ ஜாம் பன்னு தூக்கிட்டு வந்தா எங்கயோ ஒரு டீமுக்கு எழவு விழுந்திருக்குன்னு அர்த்தம்.

— கோச், இன்னிக்கு ஈஸ்டர் நோன்புக்கு முந்தின செவ்வா. ஊரே இதத்தான் திங்குது. சர்ச்சுக்கு எதிர்ல இருக்கற போலிஷ்காரர் கடையில முக்கா மணி நேரம் நின்னு வாங்கிட்டு வரேன்.

— மல்யுத்தப் பசங்களுக்கு வாங்கிட்டு வந்தியே, அப்ப நோன்பு இல்ல. வாள்வீச்சு டீமுக்குக் கொண்டு வந்தப்ப ஆகஸ்ட் மாசம், ஜாம் உருகி உன் சட்டையெல்லாம் ஒழுகுச்சு. எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கு தாயே. எத்தன பன்னு இருக்கு உள்ள?

— இருவத்தி நாலு. பொண்ணுங்க இருவத்தி மூணு, நீங்க ஒண்ணு.

— படி எத்தன?

— எழுவத்தி ரெண்டு. லிஃப்ட் இன்னும் சரி பண்ணல. நான் மூணு தடவ எழுதிப் போட்டேன்.

— சரி, ஓரமா நில்லு. வளைவுல வர்றாங்க. ரென்னி, கைய உள்ள இழுத்துக்க, தூண்ல இடிச்சுக்காத. இந்த நாலாவது மாடியில எங்க எண்ணெய் கொட்டியிருக்கு, எங்க ஐஸ் உறைஞ்சிருக்குன்னு இவளுங்களுக்கு மனப்பாடம். வேற எந்தக் காலேஜுலயாவது கார் நிறுத்தற எடத்துல ஓட்டப்பந்தயம் பழகறாங்களா, சொல்லு?

— எனக்குத் தெரிஞ்சு இல்ல.

— இலை உதிர்ற காலத்துல ஏரிக்கரைப் பார்க்குல சேத்துல ஓடறோம். குளிர்காலத்துல இங்க. வெயில் வந்தா கார்வர் ஸ்கூல் மைதானத்தக் கடன் கேட்டு நிக்கறோம். வருஷம் பூரா ஓடறோம், ஒரு நாளும் சொந்த எடத்துல ஓடினதில்ல. நான் சேந்து இருவத்தி ரெண்டு வருஷம் ஆச்சு.

— தெரியும் கோச்.

— கார் வருது. பொண்ணுங்களா, தூணுக்குப் பின்னாடி. அது கெமிஸ்ட்ரி வாத்தியாரு, அந்தாளு பிரேக்கே போட மாட்டாரு. சரி, போங்க, இன்னும் நாலு சுத்து. நீ சொல்லு பெர்னி. எங்களுக்குத்தானா?

— உங்களுக்குத்தான்.

— ம்.

— ஒக்காந்துக்கறீங்களா?

— எங்க ஒக்கார? எவன் கார் மேலயாவதா? நின்னுக்கிட்டே கேக்கறேன். சொல்லு.

— விளையாட்டுத் துறைக்கு இந்த வருஷம் நாப்பது லட்சம் டாலர் துண்டு விழுது. ஏதாவது ஒரு டீமை எடுத்தாத்தான் டிரஸ்டிங்க ஒத்துக்குவாங்கன்னு காலேஜ் தலைவர் வின்ஸ்லெட் சொல்லிட்டாரு. இன்னிக்கு ரெண்டு மணிக்குக் கூட்டம்.

— என் டீமுக்கு வருஷத்துக்கு என்ன ஆகுது?

— மூணு லட்சத்துப் பத்தாயிரம். உங்க சம்பளம், பொண்ணுங்க உதவித்தொக, பஸ்ஸு எல்லாம் சேத்து.

— அமெரிக்கன் ஃபுட்பால் ஆடற ஹெல்மெட் பசங்களுக்கு ஒரு கோச் இருந்தானே, ஸ்ட்ராட்டன். மூணு வருஷம் தோத்துட்டுப் போனான். அவனுக்கு இன்னும் படியளக்கறீங்களா?

— ஒப்பந்தத்துல ரெண்டு வருஷம் பாக்கி இருக்கு. வருஷத்துக்கு ஆறு லட்சம். ஃப்ளோரிடால மீன் பிடிச்சுட்டு இருக்காரு. கிறிஸ்மஸுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினாரு, படகுல நின்னுட்டு.

— அவன் ஒரு வருஷம் மீன் பிடிக்கற காசுல நான் ரெண்டு வருஷம் டீம் நடத்துவேன்.

— ஒரு வருஷமும் பதினோரு மாசமும் சில்லறையும்.

— துறைக் கணக்கு பாக்கறவ, நீ திருந்தவே மாட்ட. சரி, போன செப்டம்பர்ல தெக்க அந்தப் பெரிய காலேஜுக்கு அடி வாங்கப் போனாங்களே, அந்தப் பணம் என்ன ஆச்சு?

— பதினாலு லட்சம் வந்துச்சு. அம்பத்தி ஒம்போதுக்கு சைபர். ஒரு பையனுக்குத் தோள்பட்ட எறங்கிடுச்சு, இன்னொருத்தனுக்கு முட்டி போச்சு. வந்த பணம் ஸ்டேடியக் கடனுக்கு வட்டியாப் போச்சு.

— பசங்களப் பாத்தா பாவமா இருக்கு பெர்னி. அவனுங்க மேல எனக்குக் கோவமே இல்ல. எண்பதாயிரம் பேர் முன்னாடி உங்கள அடிக்கறோம், அடி வாங்கிட்டுப் போங்க, காசு தரோம்னு கூப்பிடறான். நாமளும் பஸ் வச்சு அனுப்பறோம். படிப்பு சொல்லிக் குடுக்கற எடமாம்.

— அடுத்த வருஷம் இந்த மாதிரி ரெண்டு ஆட்டம் போட்டிருக்காங்க.

— ரெண்டா?

— கடன் ஏறிடுச்சு கோச்.

— பதினேழு டீம்ல எங்க பேர் எப்படி வந்துச்சு?

— ஹெல்மெட் டீம் பெரிய பிரிவுல ஆடணும்னா, காலேஜுல கொறஞ்சது பதினாறு டீம் இருக்கணும். அது காலேஜ் விளையாட்டுச் சங்கத்தோட சட்டம். நம்மகிட்ட பதினேழு. ஒண்ணு மிச்சம். எத எடுக்கலாம்னு பேச்சு வந்துச்சு. உங்க பேர் வந்துச்சு.

— யாரு எடுத்துக் குடுத்தா?

— கூட்டத்துல யாரோ ஒருத்தர் சொல்லுவாங்க. அப்புறம் எல்லாரும் தலையாட்டுவாங்க. உங்களுக்குத் தெரியாததா.

— அந்த ஒருத்தருக்குப் பேர் இருக்கும்ல.

— அத விடுங்க. காயிதம் கொண்டு வந்திருக்கேன். நீங்க சம்மதம்னு கையெழுத்துப் போட்டா ரெண்டு மணிக்கே முடிஞ்சுடும். அஞ்சு மணிக்குள்ள அடுத்த வருஷத்து டீம் பட்டியல் சங்கத்துக்குப் போகணும், போனதுக்கப்புறம் ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது. நீங்க போடலேன்னா மறுபரிசீலனைக் குழு ஒண்ணு வைக்கணும். அறுவது நாள், எல்லாப் பட்டியலையும் விரிச்சு வச்சு வரி வரியாப் படிப்பாங்க.

— வரி வரியாவா?

— ஆமா. அதனாலதான் வின்ஸ்லெட்டுக்கு உங்க கையெழுத்து வேணும்.

— ரென்னி, என்னப் பாக்காத, தரையப் பாத்து ஓடு. அந்தப் பொண்ணு விடிகால நாலு மணிக்கு டயாலிசிஸ் சென்டர்ல வேலைக்குப் போயிட்டு இங்க வருது, தெரியுமா? போன செமஸ்டர்ல இருநூத்திப் பன்னெண்டு டாலர் பாக்கின்னு அவ பேர வகுப்புல இருந்து எடுத்துட்டாங்க. நான்தான் கட்டினேன்.

— தெரியும். விளையாட்டுக் கட்டணம்.

— உதவித்தொக வாங்கற பொண்ணுக்கு எதுக்கு விளையாட்டுக் கட்டணம்?

— உங்க டீம்ல உதவித்தொக பாதிதான் கோச். கட்டணம் முழுசு. வருஷத்துக்கு ஆயிரத்து நூத்தி நாப்பது. இந்தக் காலேஜுல படிக்கற ஒவ்வொருத்தர் பில்லுலயும் அந்த வரி இருக்கு. அந்த வரிய எழுதினவ நான். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, ஹெல்மெட் டீம் ஆரம்பிச்சப்ப. மூணு வருஷத்துக்கு மட்டும்னாங்க, நானும் மூணு வருஷம்னு எழுதிக் குடுத்தேன். டிரஸ்டிங்க அந்த மூணு வருஷத்த அடிச்சுட்டு, டீம் பெரிய பிரிவுல இருக்கற வரைக்கும்னு தீர்மானம் போட்டாங்க.

— உன் பையனும் கட்டறானா?

— ஸ்டெஃபானா? கட்டறான். ஏர்போர்ட் பக்கத்துல ஒரு கிடங்குல பெட்டி தூக்கிக் கட்டறான். ஒரு ஆட்டம் பாத்ததில்ல. சனிக்கெழம ஆட்டம் நடக்கறப்ப அவனுக்கு ஷிஃப்ட். போன மாசம் பில்ல எடுத்துட்டு வந்து, அம்மா இது என்ன வரின்னு கேட்டான். பாத்திரம் கழுவிட்டு இருந்தேன். திரும்பியே பாக்கல நான்.

— நீ ஏதாவது எழுதிப் போட்டிருக்கலாம்ல.

— நாலு தடவ எழுதினேன். நாலுக்கும் நன்றின்னு பதில் வந்துச்சு. எனக்கு அலுத்துப் போச்சு கோச். வெக்கமாவும் இருக்கு. உண்மையச் சொல்றேன்.

— எனக்கும்தான். அறுவத்தொண்ணு ஆகுது. இந்த சிமெண்ட்டுத் தரையில நின்னு நின்னு ரெண்டு முட்டியும் போச்சு. சரி, பொண்ணுங்களுக்கு என்ன வழி? அதச் சொல்லு மொதல்ல.

— ரெண்டாவது பக்கம் பாருங்க. இங்கயே படிக்கறவங்களுக்கு டிகிரி முடியற வரைக்கும் உதவித்தொக உண்டு. ஓடணும்னு நெனக்கறவங்க நாளைக்கே வேற காலேஜுக்குப் போலாம், யாரும் தடுக்க மாட்டாங்க. உங்களுக்கு ஒரு வருஷச் சம்பளம். இதெல்லாம் நானே எழுதிச் சேத்தது. வின்ஸ்லெட் படிக்காம கையெழுத்துப் போட்டுட்டாரு.

— அவரு எதையும் படிக்கறதில்லயா?

— செலவுக் கணக்கு மட்டும் படிப்பாரு. அதுவும் கடைசிப் பக்கம்.

— ம். செலவுக் கணக்குல எங்களுக்கு ஒரே வரிதான?

— ஒரே வரி. பெண்கள் ஓட்டம்.

— குடு அந்தக் காயிதத்த.

— யோசிச்சுக்கங்க. மணி பத்துதான் ஆகுது.

— யோசிச்சாச்சு. பொட்டியப் பிடி, மூடி மேல வச்சு எழுதறேன். இது என்ன, எழுதவே மாட்டேங்குது?

— மை உறைஞ்சிருக்கும். வாயில வச்சு ஊதுங்க.

— டீமைக் கொல்லக்கூட இங்க பேனா வேல செய்யாது. ம், வந்துச்சு. தேதி?

— கீழ. பதினேழு.

— இந்தா. எடுத்துட்டுப் போ.

— பொண்ணுங்ககிட்ட நான் சொல்லட்டுமா?

— நீ சொல்லாத. நானே சொல்லிக்கறேன். இன்னும் ரெண்டு சுத்து இருக்கு, ஓடி முடிக்கட்டும். நீ கெளம்பு. படி வழுக்கும், பாத்து எறங்கு.

— வரேன் கோச்.

— பெர்னி.

— சொல்லுங்க.

— நில்லு. அந்தக் காயிதத்தத் திருப்பிக் குடு.

— ஏன்?

— கிழிக்கணும். கெட்ட எண்ணத்தோட போட்ட கையெழுத்து அது. ராத்திரி என்னால தூங்க முடியாது.

— என்ன கெட்ட எண்ணம்?

— நான் சொல்றதப் பொறுமையாக் கேளு. செலவுக் கணக்குல நாங்க ஒரே வரி. சரி. ஆனா சங்கத்துக்கு அனுப்பற பட்டியல்ல? பார்க்குல ஓடறோமே, அது ஒரு டீம். குளிர்காலத்துல கூரைக்கு அடியில ஓடறது ரெண்டாவது டீம். வெயில்ல மைதானத்துல ஓடறது மூணாவது. அதே இருவத்தி மூணு பொண்ணுங்க, அதே நாப்பத்தாறு காலு. செலவு ஒண்ணு, எண்ணிக்க மூணு. இருவத்தி ரெண்டு வருஷமா அப்படித்தான் எழுதறாங்க, எல்லாக் காலேஜுலயும் அப்படித்தான் எழுதறாங்க. எங்கள எடுத்தா பதினேழுல ஒண்ணு போகாது தாயே. மூணு போகும்.

— பதினாலு.

— பதினாலேதான். அஞ்சு மணிக்கு அந்தப் பட்டியல் போச்சுன்னா ஹெல்மெட் டீம் கீழ்ப் பிரிவுக்கு எறங்கிடும். அடிக்கக் கூப்பிடறவன் பாதிக் காசுகூடக் குடுக்க மாட்டான். டிவி பணம் நிக்கும். நீ சொன்ன தீர்மானப்படி கட்டணமும் போயிடும். மொத்தமா உக்காந்துடும்.

— இது தெரிஞ்சேதான் கையெழுத்துப் போட்டீங்களா?

— ஆமா. போகட்டும், எல்லாம் சேந்து போகட்டும்னு ஒரு ஆத்திரம். நீ பதினாறு, பதினேழுன்னு சொன்னப்பவே எனக்கு விளங்கிடுச்சு. வாயத் தொறக்கல. அப்புறம் நீ திரும்பி நடந்தப்ப பாத்தேன், பொட்டிய வைக்க மறந்து இறுக்கிப் பிடிச்சுட்டு கெழவி மாதிரி நடக்கற. பட்டியல்ல இருக்கப் போறது உன் கையெழுத்து. நாளைக்கு வின்ஸ்லெட் உன்னத்தான் பலி குடுப்பாரு. உன் பையனுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு.

— இருக்கு.

— அதான் சொல்றேன். நேரா வின்ஸ்லெட்கிட்டப் போ. ஒரே வார்த்த, இது மூணுன்னு சொல்லு. அலறிப் புடச்சுட்டு எங்களக் காப்பாத்துவாரு. என் பொண்ணுங்க இங்கயே ஓடுவாங்க, உன் வேலையும் தப்பிக்கும். ஹெல்மெட் கூத்தும் நடக்கும், நடந்துட்டுப் போகட்டும். நம்மால ஆகற காரியமா அது? குடு காயிதத்த.

— குடுக்க மாட்டேன் கோச்.

— ஏம்மா, நான் சொன்னது புரியலியா? படிய எண்ணற. பன்ன எண்ணற. ஒரு வருஷமும் பதினோரு மாசமும்னு மீன் பிடிக்கறவன் காச எண்ணற. இத எண்ணாம விட்டுட்டியே.

— விடல கோச். வெள்ளிக்கெழம சாயங்காலம் மூணு தடவ எண்ணிப் பாத்துட்டு, வின்ஸ்லெட்கிட்ட உங்க பேர எடுத்துக் குடுத்ததே நான்தான்.