அலமாரிக் கதவில் எழுதிய நேரம்

விற்க வரும் அலமாரியைத் திறந்து பார்த்து, உள்ளே எது இருந்தாலும் மூன்று நாளில் உரியவருக்குத் தெரிவிக்க வேண்டும். தெப்ராவில் உள்ள பழைய பொருள் கடையின் சுவரில் இந்த விதி தொங்குகிறது. அதற்குக் கீழே வரிசையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள்.

"மக பொறந்த நேரமே அலமாரியோட போயிடுச்சு அண்ணி."

"பர்த் சர்டிபிகேட்ல இருக்குமே?"

"அது ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்த நேரம்லா. காஹாங் ஊரத் தாண்டினதும் வேன்லயே பொறந்துட்டா. சரியான நேரத்த உங்க தம்பி அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் எழுதி வச்சாரு."

"அவனேதான் வித்தானா?"

"வேற யாரு! மாப்பிள்ளை வீட்டுல வெள்ளிக்கிழமைக்குள்ள ஜாதகம் கேக்குறாங்க."

கடைக்காரர் தலையைச் சொறிந்தார். "கோத்தா திங்கிக்காரரு வாங்கிட்டாரு அக்கா. மெசேஜ் போட்டிருக்கேன்."

அன்று வாங்கிய மின்விசிறி சுழலாததால் சனிக்கிழமை மறுபடியும் போனேன். கடைக்காரர் கைப்பேசியை ஸ்பீக்கரில் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்.

"அக்கா, கதவப் படம் எடுத்து இப்பதான் அனுப்பினாரு. எழுத்து தெளிவா இருக்கு."

அதே பெண்ணின் குரல் பதறியது. "அலமாக், ஐயையோ! அந்தப் படத்த அழிச்சிடுங்க தம்பி. நேத்து ஆஸ்பத்திரி நேரத்தையே குடுத்துட்டோம். பத்துப் பொருத்தமும் இருக்காம்."

கோத்தா திங்கியிலிருந்து அந்தப் படம் வந்த நேரம் சனிக்கிழமை, காலை பத்தே கால்.