திரும்பி வந்த ஆடு

ஜேர்மனியில், பீலெஃபெல்ட் நகர டிராமில் எனக்கு முன் இருக்கையில் யாழ்ப்பாணத்தவர் இருவர். தேவாலயத்தில் கேக்கும் கோப்பியும் முடித்து அகதி விடுதிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். இளையவர்தான் தொடங்கினார்.

"அண்ணை, அந்த ஆட்டை ஆரும் பிடிச்சுக் கறி வைச்சால் பாவம் ஆருக்கு?"

"எந்த ஆடு?"

"பாதிரியார் சொன்னாரெல்லே. அந்தக் காலத்து இஸ்ரவேலர் வருசத்திலை ஒருநாள் ஒரு வேலையும் செய்யாமல், சாப்பிடாமல் இருப்பினமாம். ஊராற்றை பாவமெல்லாம் ஒரு ஆட்டின்ரை தலையிலை ஏத்தி வனாந்தரத்துக்குத் துரத்திவிடுவினமாம்."

"வேலை செய்ய அனுமதியில்லாமல் நாங்கள் வருசம் முழுக்கச் சும்மாதான் இருக்கிறம். ஒரு பாவமும் போகேல்லை."

"ஆடும் வேணுமண்ணை."

"ஆடும் இருந்தது. எங்கடை அறையிலை இருந்த செல்வம் ஹம்பேர்க்குக்கு ஓடினாப் பிறகு, நாங்கள் கரிச்ச அடுப்பு, உடைச்ச யன்னல் எல்லாம் அவன்ரை வேலையெண்டு விடுதிப் பொறுப்பாளரிட்டைச் சொல்லிவிட்டன். நல்ல ஆடு."

"அகதியாய்ப் பதிஞ்ச ஊரை விட்டு அனுமதியில்லாமல் வெளிக்கிட்டதுக்குப் பொலிஸ் அவனைத் திருப்பி அனுப்பிப் போட்டுது. காலமை வந்திட்டான். பொறுப்பாளரோடை கதைச்சுக்கொண்டு நிண்டவன்."

அண்ணை அவர் பக்கம் திரும்பினார்.

"தம்பி, திரும்பி வந்த ஆட்டை என்ன செய்தவையெண்டு பாதிரியார் சொன்னவரே?"