ஆறு மாசம் காலி

ஆமாங்கய்யா, காலியாத்தான் கெடந்திச்சி. பொரட்டாசிலருந்து மாசி வரிக்கும் ஆறு மாசம். மொதலாளி உங்க வரி ஆபீசுக்குக் குட்த்த காயிதத்துலயும் அப்டித்தான கீது? அப்ப சரி. பாத்து வாங்க, படி பேந்துகீது.

நானா? அங்கம்மாங்க. பெருக்குறது, தோட்டத்துக்குத் தண்ணி வுட்றது எல்லாம் நாந்தான். பின்னால அந்தக் கொட்டாயில கீறேன். மொதலாளி பட்டணத்துல. வருசா வருசம் சித்திரையில குடும்பத்தோட வந்து ஒரு மாசம் மாம்பயம் துன்னுட்டுப் போவாரு. அதுக்கோசரம்தான் சென்னீர்குப்பத்துல இம்மாம் பெரிய பங்களா. போன வருசம் சப்பான்காரன் குண்டு போடப் போறான்னு பட்டணமே ஓடியாந்திச்சில்ல, அப்ப ஒரு வக்கீலுக்கு வாடகைக்கு வுட்டாரு. குண்டு வுயலன்னதும் அவரு ஆவணியிலயே திரும்பிட்டாரு.

ரிப்பேரா? அதுக்கு வாடகையில ஆறுல ஒரு பங்குக்கு வரி இல்லன்னு சர்க்காரே கயிச்சிக் குடுக்குமாமே. ஓடு மாத்துனாலும் சரி, மாத்தாட்டியும் சரியாம். இவரு மாத்தலீங்க. மேல பாருங்க, வானம் தெரிது. காலியா கெடந்த மாசத்துக்குத் தனியா கயிக்கணுமாம். வரி ஆபீசுலருந்து வருவாங்க, யாரும் இல்லன்னு சொல்லு, மாத்திச் சொன்னா கொட்டாய வுட்டு ஓடிப்போயிடுன்னு நேத்து ஆள் வுட்டுச் சொன்னாரு. நான் சொல்லிட்டேன் பாருங்க. யாரும் இல்ல.

அந்த எண்ணெக் கறைங்களா? தேச்சேன், போவல. பதினாறு நாளு வெளக்கு எரிஞ்ச எடம்.

எம்மவன் கன்னியப்பனுக்குங்க. ரங்கோன்ல கப்பல்துறையில மூட்ட தூக்கிக்கினு இருந்தான். அங்க குண்டு நெசமாவே வுயுந்துட்ச்சி. காட்டு வயியா அஸ்ஸாம் வரிக்கும் நடந்தே வந்துகீறான், அப்பறம் ரயிலு. ஐப்பசி மயையில வாசல்ல வந்து நின்னான். எனக்கே அடையாளம் தெர்ல. கொட்டாயில மொயங்கால் தண்ணி, பங்களா சாவி எங்கைல. கொண்டாந்து இந்தக் கூடத்துல பட்க்க வச்சேன். நாப்பத்தியோரு நாளு இருந்தான். காலப் புடிச்சி வுடச் சொல்வான். புடிக்க அதுல ஒண்ணும் இல்ல.

மொதலாளிக்குத் தெரியுமாவா? எம்மவன் செத்துப் பூட்டான்னு நாந்தான் சொல்லியனுப்பிச்சேன். பொணம் வுயுந்த ஊட்டுக்கு எவன் வாடக குடுப்பான்னாரு. சாவு எய்த வந்த மணியக்காரர் கைல, எம் பங்களாவுல யாரும் இல்ல, யாரும் வரலன்னு ஆள் வுட்டுச் சொல்லிட்டாரு. பெரிய மன்ஷன் பேச்சு, அவரும் எய்தாமப் போய்ட்டாரு. ரங்கோன் போனவங்க கணக்குல எம்மவன் வயியில காணாமப் போனவன்னுதான் இன்னும் கீதாம். காணாமப் போவலீங்க. அம்மாந்தொலவு நடந்து, எங்கிட்ட வந்து சேந்தான்.

தெரியும், நீங்க சாவு எய்துற ஆபீசு இல்ல. ஆனா இந்த ஊட்ல யார் இருந்தாங்க, எத்தினி நாள் இருந்தாங்கன்னு நீங்க எய்துவீங்க இல்ல? அதுக்கும் சர்க்கார் முத்திர குத்துவாங்க இல்ல? அதான் வோணும். இந்தப் பங்களா காலி இல்லன்னு உங்க ஆபீசுக்கு ஒரு மொட்டக் கடுதாசி வந்திச்சில்ல, அத்த நாந்தான் எய்த வச்சேன். பூந்தமல்லி கச்சேரி வாசல்ல, மனு எய்துறவனுக்கு நாலணா குட்த்து.

மொதலாளியா? தொரத்துவாரு. தொரத்தட்டும், துணிமணியக் காத்தாலயே மூட்ட கட்டி வச்சிட்டேன்.

எய்துறீங்களா? காலி இல்ல, கன்னியப்பன், நாப்பத்தியோரு நாளு. அவன் அப்பன் பேரையும் போடுங்கய்யா. துலுக்கானம்.