முதல் படம் பிரிஜட்டுடையது

என் மனைவி பிரிஜட்டுக்குக் காரம் என்றால் உயிர். லிட்டில் இந்தியாவில் மீன் தலைக்கறி சாப்பிட்டால் பக்கத்து மேசையில் இருக்கும் சம்பால் மிளகாய் விழுதையும் கேட்டு வாங்குவாள். அவள் ஒரு நாள் தயிர் சாதம் போதும் என்றபோதே நான் கவனித்திருக்க வேண்டும் என்கிறீர்கள், இன்ஸ்பெக்டர் ரகுபதி சார். கவனித்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

என் பெயர் சூசைநாதன். உடம்பைக் கத்தி படாமல் ஒளியால் பார்க்கும் கருவிகளைச் செய்யும் ஆய்வுக்கூடத்தின் தலைவன். வாய்ப்புற்றை முளையிலேயே பிடிக்கும் கருவிதான் என் வாழ்நாள் வேலை. பேனா மாதிரி இருக்கும். நாக்கின் மேல் ஓட்டினால், ஆரோக்கியமான ஒரு நாக்கின் படத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். வித்தியாசம் இருந்தால் சிவப்பு விளக்கு எரியும், இல்லையென்றால் பச்சை.

அந்த ஆரோக்கியமான நாக்கு பிரிஜட்டுடையது. எங்கள் கூடத்தின் வழக்கம் அது: எந்தக் கருவி செய்தாலும் முதல் படம் அவளுடையதுதான். ஞாயிறு பூசை முடிந்து கறிபாப் பலகாரப் பொட்டலத்தோடு நேரே வருவாள்.

"ஊர்ல உள்ளவங்க வாயைத் திறக்கச் சொல்லிக் கெஞ்சுறீங்க. நான் திறந்தா மட்டும் மூடச் சொல்றீங்க லா" என்பாள். கூடமே சிரிக்கும்.

கடைசியாகச் செய்த கருவியில் அவள் நாக்கின் ஓரத்தில் ஒரு கறை தெரிந்தது. அவளுடைய பழைய படத்தோடு ஒப்பிட்டுக் கருவி சிவப்பைக் காட்டியது. மென்பொருள் எழுதும் ருக்கையா என்னைத் தனியே அழைத்தாள்.

"சார், எனக்கு இது சரியா படலை. அக்காவை டாக்டர்கிட்ட காட்டிடலாம்."

பல் உராய்ந்த தடம் என்றேன். கருவியைக் கிளினிக்குகளுக்குக் கொடுக்க அனுமதி கிடைக்க இருந்த நேரம். முதல் படமே சிவப்பு என்றால் எல்லாவற்றையும் மறுபடி சோதிக்கச் சொல்வார்கள். அதற்குள் எத்தனை பேருக்கு நோய் முற்றும்? ஊருக்காகத்தான் யோசித்தேன். கறை தெரிந்த படத்தையே ஒப்பிடும் படமாக வைத்து, அந்தக் கறையும் ஆரோக்கியம்தான் என்று கருவிக்கு நானே கற்றுக்கொடுத்தேன். பச்சை எரிந்தது.

பிறகு நாக்கு எரியும்போதெல்லாம் பிரிஜட் கருவியை எடுத்துத் தானே பார்த்துக்கொள்வாள். டாக்டரிடம் போகலாமா என்று ஒரு தடவை ஒப்புக்குக் கேட்டேன்.

"எதுக்குங்க? நீங்க செஞ்ச மெஷினே பச்சை காட்டுதே."

எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

கடைசி நாட்களில், கிளமெண்டி வீட்டில், அவளால் பேச முடியவில்லை. ஒரு பிற்பகல் கருவியைக் கொண்டுவரும்படி சைகை காட்டினாள். அழுகிய நாக்கின் மேல் தானே ஓட்டினாள். பச்சையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். திட்ட வாய் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அடக்கம் முடிந்ததும் ருக்கையா வந்தாள். படத்தை மாற்றாவிட்டால் இதே கறையோடு வருகிறவர்களுக்கெல்லாம் பச்சைதான் எரியும் என்று அழுதாள். கடவுச்சொல்லை மாற்றி அவளை வெளியே நிறுத்தினேன். புக்கிட் மேரா கிளினிக்கில் பச்சையைப் பார்த்து நிம்மதியாக வீடு திரும்பியவர்களின் பெயர்களைச் சற்று முன் வாசித்தீர்கள். ஆமாம், தெரிந்தேதான் செய்தேன்.

கடவுச்சொல்லைத் தருகிறேன். அழிப்பதற்கு முன் அந்தப் படத்தை ஒரு தடவை பாருங்கள், சார். அவளுக்கு ஒன்றுமே இல்லை. பச்சைதான் எரிகிறது.